பதினான்கு அங்குலம்

முப்பத்தெட்டாவது மீட்டரில்
தலைகீழாகக் கிடக்கிறது.
தன் பீரங்கிகளின் பாரமே தன்னைப் புரட்டிப் போட,
அடிவயிறு மேலே, ஆயுதம் சேற்றில்.
கையுறையைக் கழற்றினேன், கூடாதுதான்.
பக்கவாட்டுக் கவசத்தின் வெட்டுமுகத்தில்
விரல்களை விரித்து அளந்தேன்:
நூறாண்டு உப்பு இன்னும் தின்று முடிக்காத
ஒன்றரைச் சாண் எஃகு.

இதை எந்தக் குண்டும் துளைக்கவில்லை.
இதன் மாலுமிகளே ஒரு ஜூன் மாதக் காலையில்
அடித்தளத்துக்கு இறங்கி
திருகைத் திருப்பினார்கள்.
கடல் உள்ளே வந்தது,
வீட்டுக்காரன் கதவைத் திறந்துவிட்டால்
யார்தான் வரமாட்டார்கள்?

இரவு, ஸ்ட்ராம்னெஸ் துறைமுக விடுதியில்
எர்லண்ட் லெஸ்க்
வினிகர் புட்டியை மேசை நடுவில் நிறுத்துகிறான்.
"இதுதான் உன் கிழட்டுக் கப்பல், தோரா.
இது மறுபடியும் வேண்டும் என்கிறேன்."
பதினொரு வருடம் ஃப்ரிகேட்டில், தீயணைப்புப் பிரிவில்.
"எங்கள் கப்பலின் தோல் எவ்வளவு தெரியுமா?
உன் சுண்டுவிரல் அகலம்.
ஒருமுறை துறைமுகச் சுவரில் உரசி
பிஸ்கட் டின் போல நெளிந்தது.
ரேடார் பார்த்துவிடும், ஏவுகணை தடுத்துவிடும் என்றார்கள்.
சரி. நூறில் தொண்ணூற்றொன்பதைத் தடுக்கட்டும்.
அந்த ஒன்று வரும்போது
நான் எதன் பின்னால் நிற்பது?"

யாரும் பேசவில்லை.
கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்த மெரன்
ஒரு வேர்க்கடலையை எடுத்து வந்தாள்.
"ஆளில்லாத படகு" என்றாள்,
"என் குளிர்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் விலை அதிகம்."
புட்டியின் மார்புக்கு நேரே கொண்டுபோனாள்,
நின்றாள்,
பிறகு அடியில் செருகினாள்.
வினிகர் சாய்ந்து எர்லண்டின் மீன்வறுவல் மேல் கொட்டியது.

மார்பில் வாங்கிய புண் என்றால் அதற்குப் பாட்டு உண்டு.
கட்டியவர்களும் அதை நம்பித்தான்
மார்புக்கும் விலாவுக்கும் இரும்பு உடுத்தினார்கள்.
சாவு
உச்சந்தலை வழியாக வந்தது,
உள்ளங்கால் வழியாக வந்தது.

"அப்போ அடியிலும் போடு. மேலேயும் போடு."
"போட்டால்?"
"மூழ்கும்" என்று அவனே சொல்லிச் சிரித்தான்,
"கட்டிய அன்றே."
சிரித்தபடி வலது கைச் சட்டையை
மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.
அங்கே தோல் மெழுகு போல் பளபளக்கும்.
அந்தக் கதையை அவன் சொன்னதில்லை.
நாங்கள் கேட்டதுமில்லை.

நான் சொல்ல நினைத்தது வேறு.
இந்த விரிகுடாவில் கிடந்த தகடுகளில் சிலவற்றை
முன்பு அறுத்தெடுத்துப் போனார்கள்,
போருக்கு அல்ல.
அணுகுண்டுக்கு முன் உருக்கிய எஃகு அது;
பின்னால் உருக்கியதிலெல்லாம்
காற்றின் நஞ்சு ஒரு சிட்டிகை கலந்துவிட்டது.
அதை வைத்து ஓர் அறைக்குச் சுவர் எழுப்பினார்கள்.
உள்ளே ஒருவர் மல்லாந்து படுப்பார்,
மூச்சை மெதுவாக விட்டபடி.
உலகத்தின் இரைச்சலை எஃகு வெளியே நிறுத்தும்,
அவர் எலும்புக்குள் என்ன முணுமுணுக்கிறது என்று
கருவி காது கொடுக்கும்.
பீரங்கிக்கு எதிராக வார்த்தது
கடைசியில் நின்றது இதற்கு எதிராக.

சொல்லவில்லை. எர்லண்டுக்கு அது பதில் ஆகாது.
தீப்பிடித்த நடைவழியில் நிற்பவனுக்கு
ஆஸ்பத்திரிச் சுவர் எதற்கு?

மறுநாள், ஆறாவது மீட்டரில்
கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறேன்,
ரத்தத்திலிருந்து வாயு இறங்கும்வரை.
தூரத்தில் ஒரு ஃப்ரிகேட் வாய்க்காலைக் கடக்கிறது.
காதுக்கு வருமுன்பே விலாவுக்கு வந்துவிட்டது
அதன் இயந்திரம்.
சுண்டுவிரல் அகலத் தகட்டுக்கு அந்தப் பக்கம்
யாரோ ஒருத்தி தேநீரில் சர்க்கரை கலக்கலாம்,
கரண்டி குவளையில் தட்டும் ஓசை
எனக்குக் கேட்கிற மாதிரியே இருக்கிறது.
எனக்கு ஒரு ரப்பர் உடை.
கீழே ஒன்றரைச் சாண், யாருமில்லாமல்.

இன்னும் பதினொரு நிமிடம்
இங்கேயே தொங்க வேண்டும்.