பின்பக்கம்

நீடாமங்கலம் கேட் போட்டாச்சு.
எனக்கு முன்னால் இரண்டு பஸ், ஒரு மினி வேன்,
பூமாலை பாதி பிய்ந்த ஒரு மாப்பிள்ளைக் கார்.
இன்ஜினை அணைத்தேன்.
ஓடுகிற வண்டியில் எழுத்து ஆடும்,
'அசையாமல் பிடிக்கவும்' என்று போன் அதட்டும்.

பானெட் மேல் துண்டை விரித்து
ஒவ்வொன்றாக வைத்தேன்.
கோட்டூர் கொள்முதல் நிலையத்தின் லாரி மெமோ.
எடைமேடைச் சீட்டு, வெயில் பட்டால் வெளுத்துவிடும் ஜாதி.
ஈரப்பதம் பதினாறு புள்ளி எட்டு என்கிறது ஒரு தாள்.
தொட்டுப் பார்த்தால்
நெல்லைவிடத் தாள்தான் நனைந்திருக்கிறது.
சாயங்காலத் தூறலில்
பில் கிளார்க் பக்கிரிசாமி உதறி உதறி எழுதிய பேனா.
400இல் கடைசிச் சுழியன் ஒழுகி
வால் முளைத்து, ஒன்பதாகப் பார்க்கிறது.
நல்லவேளை, எழுத்தாலும் போட்டிருக்கிறார்: நானூறு.

நான்கு மூலையும் தெரியவில்லையாம்.
நீலக் கோட்டை விரலால் இழுத்து
மூலைக்கு மூலை கட்டினேன்,
தார்ப்பாய்க்குக் கயிறு கட்டுகிற மாதிரி.
எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில்
கிரீஸ் ஏறிய என் கட்டைவிரல்.
ஆபீஸ் ஹெலன் மேடம் ஒருநாள் சொன்னார்:
"உத்திராபதி, வருஷம் பூரா உங்க விரலைப் பாக்குறேன்,
ஆளைத்தான் பாத்ததில்ல."

மெமோவைத் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது.
பின்பக்கம், பென்சிலில்,
காத்தமுத்து செட்டு கூலிக்குப் போட்ட கணக்கு.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
ஓரத்தில், 'டீ 11, வடை 6, மாரிக்குத் தரணும் 200'.
கட்டுக் கட்டாக எண்ணினேன்.
எழுபத்தொன்பது. அதற்கப்புறம்
குறுக்குக்கோடு விழாத நாலு.

மறுபடி எண்ணினேன்.
முன்பக்கம் நானூறு.
பின்பக்கம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
சுமந்தவன் தன் கூலியில்
ஒரு மூட்டையைக் குறைத்தா எழுதுவான்?
எடைமேடையைக் கேட்டுப் பயனில்லை.
நாற்பது கிலோ என்ன,
டீசலை ரொப்பிக்கொண்டு ஏறினாலே வந்துவிடும்.

கூட்ஸ் வந்தது. நாற்பத்திரண்டு பெட்டி.
போன வாரம் நான் இறக்கிய நெல்லும் அதில் போகலாம்.
அதுதான் இன்றைக்கு என் வழியை மறிக்கிறது.
அந்த லோடில் ஒரு மூட்டை குறைந்ததென்று
வாடகையில் பிடித்தார்கள்.
அன்றைக்கு என்னிடம் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது.

பின்பக்கத்தையும் எடுத்தேன்.
டீ, வடை, மாரி, விரல்
எதையும் வெட்டவில்லை.
பக்கம் நான்கு. அனுப்பினேன்.
'பின்பக்கம் எதுக்கு?' என்று வந்தது.
என்னவோ அடிக்க ஆரம்பித்து, அழித்தேன்.

கேட் தூக்கியாச்சு.
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் நுழைய
தண்டவாளத்தின் நடுவில் மாப்பிள்ளைக் கார்.
ஆரன் அடிக்காதவன் நான் ஒருத்தன்தான்.
தாள்களைப் பாலிதீன் கவரில் சொருகி
சாவியைத் திருப்பினேன்.
முதுகுக்குப் பின்னால், தார்ப்பாய்க்குக் கீழே
நானூறு,
அல்லது அதற்கு ஒன்று குறைய.