இரண்டாவது கவுண்டர்

பீடோர் வங்கிக் குளிரில்
ஆங்கிலத்தில் உட்கார்ந்திருந்தேன்,
முதுகு நேராக.
'மிஸ் அகல்யா' என்றான் இரண்டு முறை.

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி.
"கிராணி இன்னும் சம்பளம் போடலலா. நீ பசியாறிட்டியா?"
"இல்லடா. பாசார்ல பாத்துக்கிறேன்.
மண்டோருகிட்ட வாய் குடுக்காத."

வைத்தபோது
அவன் கண் என் செருப்பில் இருந்தது.
காலையில் துடைத்த செருப்பு.
செம்மண்ணை இப்போதுதான் பார்க்கிறான்.

மூன்று மாதச் சம்பளச் சீட்டு போதும் என்றவன்
ஆறு கேட்டான், மலாயில்.
ஜாமீனுக்கு ஓர் ஆளும் வேண்டுமாம்.
'மிஸ்' போயிருந்தது.

ஆறையும் எடுத்து வைத்தேன்.
என்னிடம் எப்போதும் ஆறு இருக்கும்.

'டேரன்' என்றது பெயர்ப்பட்டை.
விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினான்.
உதடு மட்டும் அசைந்தது,
செம்பனைக் குலை எண்ணுகிறவன் போல:
ஒண்ணு, ரெண்டு, மூணு,
நாலு.

நான் பார்ப்பதைப் பார்த்தான்.

'ஃபைவ்.'