பொருள், பயன்பாடு

பக்கவாதம் வந்த மூன்றாம் வாரம்
நார்மன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு:
"பூனையும் நாயுமாகக் கொட்டுது."

சன்னலுக்கு வெளியே
கிரிம்ஸ்பியில் வருடத்துக்கு நாலு நாள் அடிக்கும் வெயில்.
தண்ணீர் கேட்கிறான் என்று புரிய
எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது.

தண்ணீர் என்ற சொல் போய்விட்டது.
கதவு, செருப்பு, வலி, கழிப்பறை,
நாற்பத்தோரு வருடம் கூப்பிட்ட
பெரில் என்கிற என் பேர்,
எல்லாம் போச்சு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்.
ஒரு பெட்டியைக்கூடக் கைநழுவ விட்டதில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவள் அக்னியெஷ்கா,
போலந்துக்காரி.
"உதிரிச் சொற்கள் ஓர் அறையில் இருக்கும்,
அதுதான் இடிந்திருக்கிறது.
மரபுத்தொடர்கள் வேறு அலமாரி.
டின் மீன் மாதிரி முழுசாக அடைத்து வைத்தவை.
உள்ளே என்னவென்று பாராமலே
எடுத்து நீட்டலாம்" என்றாள்.

டின் மீன் எனக்குப் புரியும்.
பதினெட்டு வருடம்
மீன் ஆலையில் மூடி அழுத்தியவள் நான்.

அவள் ஆங்கிலம் படித்ததும் அப்படித்தானாம்,
கோடு போட்ட நோட்டில்.
இடப்பக்கம் தொடர், நடுவில் பொருள்,
வலப்பக்கம் பயன்பாடு.
வந்த புதிதில் கிடங்கு மேற்பார்வையாளர்
"நம்ம கெவின் வாளியை உதைச்சிட்டான்" என்றபோது
காலில் அடியா என்று கேட்டிருக்கிறாள்.
இறந்தார், அது பொருள்.
அடக்கத்தன்று விதவையிடம் சொல்லலாகாது,
அது பயன்பாடு.
"சொல்லிவிட்டுத்தான் எழுதிக்கொண்டேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்த நோட்டு செல்லாது.
"கேக்குத் துண்டு" என்றால் வலி.
"பாப் உன் மாமன்" என்றால் விளக்கை அணை.
"மாடுகள் வீடு திரும்பும்வரை" என்று முனகினால்
டெரன்ஸ் இந்த ஞாயிறும் கூப்பிடவில்லை.
எப்படி இருக்கீங்க என்ற டாக்டரிடம்
"வானிலைக்கு அடியில்" என்றான்.
அவர் பதறி ரத்த அழுத்தம் பார்த்தார்.
எத்தனையோ நாளில் முதல்முறையாக
அவன் பேச்சை ஒருவர் அப்படியே நம்பினார்.
பாவம், அவன் சொன்னது பசிக்குது என்று.

எனக்கும் தொற்றிக்கொண்டது.
மருந்துக்கடையில் போய்
கேக்குத் துண்டுக்கு மாத்திரை கேட்டேன்.
கடைப்பையன் என்னை உட்காரச் சொன்னான்.

ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.
"என் கோப்பைத் தேநீர் இல்லை."
கல்யாணமான நாளிலிருந்து
அவன் அதிகம் சொன்னது அதுதான்.
பித்தளை வாத்தியம், பூண்டு, மணல்,
என் தங்கை மார்ஜரி,
நான் ஆசைப்பட்டு வாங்கிய மஞ்சள் திரைச்சீலை,
எதைக் காட்டினாலும் அவன் கோப்பைத் தேநீர் இல்லை.
பக்கவாதத்துக்குப் பிறகு அது வரவேயில்லை.
விட்டது சனி என்றுதான் நினைத்தேன்.
சொன்னால் வெட்கம்,
பிறகு ஒருநாள் அந்தத் திரைச்சீலையைக் கழற்றி
அவன் முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்தேன்.
பூனை நாய் என்றான்.
தண்ணீர் கொடுத்தேன்.

நேற்றுச் சாயங்காலம்
அவன் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன்.
எதிரே அக்னியெஷ்கா, பேனாவும் கையுமாக.
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
தாடை இரண்டு முறை இழுபட்டது,
பாரம் ஏறும்போது சங்கிலி இழுபடுமே, அப்படி.
"என் கோப்பைத் தேநீர்" என்றான்.

காத்திருந்தோம்.
இல்லை வரவில்லை.

அக்னியெஷ்கா நோட்டைப் பிரித்தாள்.
"பொருள் என்ன போடட்டும்?"

எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தேன்,
முதுகு அவர்கள் பக்கம் இருக்கட்டுமென்று.

"ரெண்டு சர்க்கரை" என்றேன்.
"அப்படியே போட்டுக்கோ."