பன்னிரண்டாவது ஆள்

காக்கி புக்கிட் தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி.
கீழே கார்க் கதவுகளுக்குச் சாயம் அடிக்கிறார்கள்.
எங்கள் ஆட்டத்தில் கடலுக்குக்கூட
அந்த வாடைதான் என்பாள் ஷுஹைதா.

மூன்று பேர், மூன்றரை வருடம், ஒரு படகு.
சாங்கி முனைத் துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான்
உபின் தீவுக்குக் கயிறு அவிழும்.
மணியை அடித்தால் அடுத்த ஆள் வருவார்.
அவ்வளவுதான் ஆட்டம்.
இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று
என் அண்ணி கேட்டாள்.
பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெளியீட்டுக்கு முன் டெமோ விடலாமா?
வேண்டாம் என்றான் கெங் ஹுவாட்.
"நாற்பது நிமிடம் சும்மா கொடுத்தால்
நாற்பது நிமிடத்திலேயே வயிறு நிறைந்துவிடும்.
அலை இன்னும் திக்குகிறது.
மழை குடைக்குள் பெய்கிறது.
இதையெல்லாம் முதலில் காட்டிவிட்டு
அப்புறம் யாரிடம் போய் விற்பது?"

ஷுஹைதா கேலாங் கடைக்காரரைச் சொன்னாள்:
டுரியானில் முக்கோணமாக ஒரு கீறல்,
கத்தி நுனியில் கொஞ்சம் மஞ்சள்.
"ருசி பார்க்க விடாதவன் பழத்தை
நீ வாங்குவியா?"

நான் அப்போது
தோ பாயோவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த
அட்டைக் குடியிருப்பை நினைத்துக்கொண்டிருந்தேன்.
விரலளவு மரங்கள். நிழல் விழாத பதினாறாம் மாடி.
அதை நம்பி இருபத்தைந்து வருடக் கடனுக்குக்
கையெழுத்துப் போடுகிற ஊர்
பதினெட்டு வெள்ளி ஆட்டத்தை மட்டும்
கடித்துப் பார்க்கக் கேட்கிறது.
சொல்லவில்லை. சொன்னால் கெங் ஹுவாட்
தன் வீட்டுச் சாவி தள்ளித் தள்ளிப்போன கதையை
ஆரம்பித்துவிடுவான்.

இரண்டுக்கு ஒன்று. விட்டோம்.

டெமோவில் பதினோரு பேர் வருவார்கள்.
ஏழாவது ஆள்
முன்சக்கரம் இல்லாத சைக்கிளைத் தோளில் சுமந்து வந்து
"இன்னும் எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்பார்.
பன்னிரண்டாவது ஆள் படியில் கால் வைக்கும்போது
திரை இருண்டுவிடும்:
மீதி ஏப்ரலில்.
என்ன சாமர்த்தியம் என்று பாராட்டினார்கள்.
உண்மையில் ஷுஹைதா
செருப்புவரைதான் வரைந்து முடித்திருந்தாள்.

பிறகு எண்கள் வந்தன.
ஒன்பதாயிரம் பேர் இறக்கியிருந்தார்கள்; பாதிப்பேர்
மூன்றாவது பயணி வருமுன் கிளம்பிப் போயிருந்தார்கள்.
குடைக்குள் மழையைப் பற்றி நூற்றுப் பன்னிரண்டு புகார்.
அதை மட்டும் அன்றிரவே திருத்தினோம்.
அந்தக் கூட்டத்தில் ஒருவர்,
பெயர் இல்லை, 4471 என்று ஒரு எண்,
டெமோவை அறுபத்து மூன்று முறை திறந்திருந்தார்.
எப்போதும் அதிகாலை இரண்டரைக்கு மேல்.
ஏழாவது ஆள் வந்ததும்
படகுக்காரனை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு
மணியைத் தொடாமல்
இருபது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம்.
நாங்கள் அங்கே ஒன்றும் வைக்கவில்லை.
ஒரு விளக்கு, தண்ணீர்ச் சத்தம்,
அதுவும் திக்குகிற தண்ணீர்.

ஏப்ரல் வந்தது.
4471 வாங்கவில்லை.

"பார்த்தியா," என்றான் கெங் ஹுவாட்,
காப்பி ஓ பையை விரலில் தொங்கவிட்டபடி.
வென்றவன் குரலாக இல்லை அது.

முழு ஆட்டத்தில் அலை சீராக அடிக்கிறது.
முழு ஆட்டத்தில் அந்த ஏழாவது ஆள்
தீவில் இறங்குவார்; திரும்பும் படகில் இருக்கமாட்டார்.
4471க்கு இது தெரிய வழியே இல்லை.
தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆட்டம் வெளியானதும் டெமோவை எடுத்துவிடுவது
முன்பே பேசிவைத்தது. என் பொறுப்பு.
கீழே சாயக்கடை பூட்டியாயிற்று.
அழிக்கவா என்று திரை இரண்டு தரம் கேட்டுவிட்டது.
மணி இரண்டு நாற்பத்தொன்று.
பட்டியலின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது.
துறையில் இப்போது ஆறு பேர்.

ஏழு.