அடுத்த வருஷ மாடல்

நிறுத்திவிடப் போகிறார்களாம்.
மண்டபம் ஐஸ் கம்பெனி வாசலில்
லாரிக்கு அடியில் படுத்தபடி
ரெமிஜியுஸ் சொன்னான்.
இரண்டே கதவு, பின்சக்கர இழுவை,
கையால் மாற்றும் கியர்.
இந்த விலைக்கு இனி எவன் செய்வான்?

இல்லை, பேட்டரியில் வரும் என்கிறான்
ராமநாதபுரம் ஷோரூம் பையன்.
உறுமல் வேண்டுமென்றால்
ஸ்பீக்கரில் வைத்துத் தருவார்களாம்.

நண்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
சீட்டு முடிய இன்னும் பதினேழு மாதம்.
அதற்குள் கூரை உயர்ந்து
கதவு நான்காகி
குடும்ப வண்டியாகிவிடும் என்று
இன்னொரு பேச்சு.
என்னைப் பற்றியும் வீட்டில்
ஏறக்குறைய அதே பேச்சுதான்.

உப்புக்காற்று
ஒரே வருஷத்தில் அடித்தகட்டைத் தின்றுவிடும், அக்கா.
தின்னட்டும்.
கச்சான் ஓய்ந்த ஒரு விடியலில்,
செல்ஃபிக்காரர்கள் வந்து அடைப்பதற்குள்,
பாம்பன் பாலத்து ஏற்றத்தை
மூன்றாம் கியரில் ஒரு தடவை.
இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் தென்கடல்,
தரையோடு தரையாக நான்.

கடைசி வண்டி
என்ன நிறத்தில் வருமாம் என்று கேட்டேன்.
வெளியே வந்து
கிரீஸ் கையை லுங்கியில் துடைத்து
கொஞ்சம் யோசித்து
மஞ்சள் என்றான்,
அவனே பெயிண்ட் அடிக்கப் போகிறவன் மாதிரி.