வாயால் சொல்லவும்

பனி அள்ள வருமுன்
ஒரு வண்டி ஊதிக்கொண்டு போகும்.
பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்க எழும்பி
காரைத் தள்ளி நிறுத்த இறங்கும்.
என்னிடம் கார் இல்லை.
ஆனாலும் அந்தச் சத்தத்துக்குப் படுத்திருக்க முடிவதில்லை,
இறங்கி நிற்பேன்,
இரண்டு கையும் வெளியே தெரிய.

எதிர்க் கட்டடத்திலிருந்து சேந்தனும் இறங்குவான்.
அவனுக்கும் கார் இல்லை.

பதினாறு வருடத்தில் நாங்கள் கதைத்ததைக் கூட்டினால்
ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட வராது.
ஒரே பேக்கரி, ஒரே இரவு வேலை.
சூட்டுத் தட்டை நீட்டும்போது
"கவனம்" என்பான்.
அவ்வளவுதான்.

தகரக் கொட்டிலுக்குள் எங்களை ஒவ்வொருவராக விட்டார்கள்.
கதிரையில் ஒரு சாக்கு இருந்தது.
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
எல்லோரும் ஓட்டையைப் பார்த்தார்கள்.
எனக்கு அதற்குத் துணிவில்லை, நிலத்தைப் பார்த்தேன்.
இடது கால், இரண்டாம் விரல், நகமில்லை.
அந்த விரலுக்கு
என் சாரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டவன் நான்.
மழைக்குள், உப்புத் தண்ணி ஊற்றி,
கத்தாதே கத்தாதே என்று அவன் வாயைப் பொத்தி.

எனக்கு முன்னால் அருள்நம்பி.
வந்து மூன்று மாதம். துவக்குப் பிடித்ததில்லை,
காவலரணுக்குச் சோறு காவியவன்.
முதல்நாள் இரவு தன் பங்குத் தண்ணீரில்
பாதியை எனக்கு விட்டு வைத்தவன்.
சாக்கு ஆடியது,
மேலும் கீழும்,
ஒருதரம் போதாதென்று இரண்டுதரம்.

பிறகு நான்.
ஒரு அணிக்கே பொறுப்பாக இருந்தவன்.
சாக்கு, சாக்காகவே இருந்தது.

மொன்றியலில், அகதி விசாரணையில் கேட்டார்கள்:
அடையாளம் காட்டிய ஆளை உங்களுக்குத் தெரியுமா?
இல்லையென்று தலையசைத்தேன்.
மொழிபெயர்ப்பவர் மெதுவாகச் சொன்னார்:
தலையசைப்பு ஒலிப்பதிவில் விழாது, வாயால் சொல்லவும்.
"தெரியாது" என்றேன்.
அந்த ஒரு சொல்லில்தான் வதிவிட உரிமை கிடைத்தது
என்று சில நேரம் நினைப்பேன்.
அப்படி இருக்காது. ஆனாலும் நினைப்பேன்.

போன கிழமை தவரூபி வந்தாள்.
கோர்ன்வாலில் இருந்து, பஸ் பிடித்து.
சப்பாத்துப் பனி கடதாசியில் உருகிக்கொண்டிருக்க
பிளாஸ்டிக் உறையில் தம்பியின் படம்.
கீழே கடையில் வாங்கிய பாண் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள்,
வெறுங்கையோடு வரக்கூடாதாம்.
எங்கள் பேக்கரிப் பாண்.
"அண்ணை, ஆர் தலையாட்டினது?"

சொன்னால் கேட்பாள்,
உங்களை ஏன் விட்டவன் என்று.
கேட்காமலும் விடலாம், நல்ல பிள்ளை.
ஆனால் என் உயிர் என்பது
அவன் ஆட்டாத ஒரு தலை.
அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

"சாக்குப் போட்டிருந்தது, பிள்ளை."

பொய் இல்லை. ஒரு எழுத்தும் பொய் இல்லை.

அவள் என் கையைப் பிடித்தாள்.
"நீங்களாவது அவனைக் கடைசியாக் கண்டியள்" என்றாள்.
நன்றி சொன்னாள்.
பாணை நான்தான் தின்றேன், மூன்று நாளாக,
காய்ந்த பிறகும்.

நேற்றிரவு ஊதியது. இறங்கினேன்.
தெருவுக்கு அந்தப் பக்கம் அவன்.
கம்பளித் தொப்பியைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தான்,
கண் மட்டும்.
முதல்முறையாகக் கூப்பிட்டேன்:
"சேந்தன், நம்பியின் அக்கா வந்தவள்."

தலை அசைந்தது.
குளிரோ, ஓமோ, இல்லையோ.
"வாயால் சொல்லடா" என்று கத்தினேன்.
அதற்குள் பனிவண்டி எங்களுக்கு நடுவில் வந்துவிட்டது,
நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.