சிவந்த ஐந்து ரூபாய்

ஈரச் சாக்கைத் தலையிலிருந்து எடுக்காமலே
கண்ணாடி மேசையில் கொட்டினார் ஞானசேகரம்.
ஏழு காசு.
"கண்டியில ஒருத்தன் ஒண்ணுக்கு நாலாயிரம் சொல்றான்.
அச்சடிக்கிற எடத்துல தகடு மாறிப்போச்சாம்.
நீங்க தங்கம் பாக்குறவங்க. பாத்துச் சொல்லுங்க."

அந்த வருஷத்து ஐந்து ரூபாய் மஞ்சளாக இருக்கவேண்டும்.
இவை சிவப்பு.
துப்பிய வெற்றிலைச் சிவப்பில்லை,
பண்டாரவளைக் குளிரில் பிள்ளைகளின் காதுமடல் போகும் சிவப்பு.

சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம்.
நிஸ்தார் முதலாளியின் அடகுக்கடையில் பதினொரு வருஷம்:
முலாம் பூசிய வளையலோடு வந்து அழுதவர்களை
அழாமல் பார்த்து, வளையலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

காந்தம் வைத்தேன். ஒட்டியது. உள்ளே இரும்பு, சரி.
தராசு: ஏழு புள்ளி ஐந்து எட்டு. ஏழு புள்ளி ஆறு.
ஒன்று மட்டும் இன்னும் குறைவு,
விளிம்பைத் துரு தின்றிருந்தது.
மேலே செம்பு பூசியிருந்தால் எடை ஏறும். இது இறங்கியிருக்கிறது.
ஊசியால் ஒரு கீறல்
(என் கையைப் பிடிக்க வந்து நிறுத்திக்கொண்டார்).
சிவப்புக்குக் கீழே மஞ்சள்.

அப்போ தகடு மாறவில்லை.
யாரும் பூசவுமில்லை.
ஏதோ ஒன்று உள்ளிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்.
சிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பிறை.
அடுத்த காசிலும் பிறை, வேறு பக்கம்.
ஒன்றின் மேல் ஒன்றைச் சரித்து வைத்துப் பார்த்தேன்.
இல்லை. திருப்பி வைத்தேன். இல்லை.
தேத்தண்ணீர் ஆறி ஆடை கட்டியது.
முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.
பிறகு பொருந்தின:
ஒரு காசு மறைத்த இடமெல்லாம் மற்றதில் மஞ்சள்.
ஒரே குவியலாய், அசையாமல், வருஷக்கணக்கில் கிடந்தவை.

"எங்கே எடுத்தீர்கள்?"
"கொழுந்து மடுவத்துக்கு அத்திவாரம் வெட்டுறாங்க.
பெக்கோ வாயில வந்துச்சு. தகர டப்பா, நசுங்கிப்போய்."

தேயிலை மண் புளிப்பு.
பித்தளையில் துத்தநாகம்தான் முதலில் கரைந்து வெளியேறும்,
செம்பு தங்கிவிடும்.
இதை அவரிடம் சொன்னேன்.
தலையாட்டினார், விலை கேட்டவர் ஆட்டுகிற மாதிரி.

ஆண்டுகளைப் படித்தேன்.
மூத்தது இரண்டாயிரத்து ஐந்து, இளையது பதினொன்று.
அதற்குப் பிறகு அந்த டப்பாவில் யாரும் காசு போடவில்லை.

"அங்க முன்ன என்ன இருந்துச்சு?"
"லயம்."
கொஞ்சம் கழித்து: "மேல மலை வந்துருச்சு.
அதுக்கு முந்தியே சுவர் வெடிச்சிருக்குன்னு
ஒப்பீசுக்கு மூணு கடுதாசி குடுத்தாங்களாம்."
அந்தக் கடுதாசிகளை நான் சோதித்ததில்லை.
என்னிடம் யாரும் கொண்டுவரவில்லை.

கடைசிக் காசில் பிறை இல்லை.
சின்ன வட்டம், மஞ்சள்.
வட்டத்துக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள்,
நான்கு துளைகளின் வழியாய் மண் இறங்கிய இடம்.
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைப் பொத்தான்.
பொத்தானைக் காணோம். நிழல் மட்டும்
"ஐந்து" என்ற எழுத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

"அச்சுப் பிழை இல்லை, ஐயா. கள்ளக்காசும் இல்லை."
"அப்ப என்னா?"
"ஐந்து ரூபாய்."

அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை,
காசுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மூன்றாவதில் ஒரு பிறை மிச்சம்.
ஏழிலும் அதற்கு ஜோடி இல்லை.
எட்டாவது ஒன்று இருந்திருக்கிறது.

ஆறைக் கைக்குட்டையில் முடிந்தார்.
பொத்தான் விழுந்த காசை மட்டும்
சட்டைப்பையில், பீடிக்கட்டுக்குக் கீழே.

எட்டாவதைப் பற்றிச் சொன்னேன்.
வாசலில், மழையைப் பார்த்தபடி நின்றார்.
"பெக்கோக்காரனுக்குக் கை காட்டினேன் அம்மா.
நிறுத்தல.
பொழுதுக்குள்ள கொங்கிறீட் ஊத்தணுமாம்."